லோவல் பாடாத சரணம்

“இதுல மூணு சரணம் இருக்கு மேடம். லோவல் ரெண்டுதான் பாடுவான். திருடினவனுக்கு முழுசும் எப்படித் தெரியும்?”

வெர்லின் பழைய நோட்டை மேசைமேல் தள்ளினான். உட்கார்ந்தவன் உடனே எழுந்துகொண்டான்.

எதிரே இருந்த பெர்னிஸ், நாஷ்வில்லில் பாட்டு உரிமைகளைப் பதிவு செய்யும் அலுவலகத்திலிருந்து வந்திருந்தாள். ‘சங்கு ஊதின நேரம்’ பாட்டை இயற்றியது லோவல் இல்லை, இறந்துபோன தன் அண்ணன் ஆர்பின் என்று புகார் எழுதியிருந்தான் வெர்லின். கென்டக்கி ரேடியோவில் இருபத்தைந்து வருஷமாக லோவல் பேரில் ஒலிக்கிற பாட்டு.

ஜன்னலோரம் ஆர்பினின் மனைவி டெஸி, காகிதப் பூக்களை உருகின மெழுகில் முக்கி எடுத்துக்கொண்டிருந்தாள். கல்லறைகளுக்குப் பூ வைக்கிற ஞாயிறு. பதினோரு மணிக்கு ஊரே கல்லறை மேட்டில் கூடும். லோவல் வந்து பாடுவான்.

“வருஷா வருஷம் அவன் ரெண்டாவது சரணத்தை முடிச்சதும், ‘மூணாவது எங்கடா?’ன்னு கத்துவேன். பதிமூணு வருஷமாக் கத்தறேன். ஒரு தடவை வாயைத் திறக்கணுமே. இன்னிக்கு உங்க காகிதத்தை வச்சுக்கிட்டுக் கேக்கறேன்.”

“உங்க அண்ணன் அவர்கிட்டக் கேட்டதில்லையா?”

“அவன் சாது மேடம். ரேடியோவுல இந்தப் பாட்டு வந்தா எந்திரிச்சு வெளியே போயிடுவான். செத்த பிறகுதான் பெட்டியில இந்த நோட்டு கிடைச்சுது.”

“விட்டுடு வெர்லின்,” என்றாள் டெஸி.

“சும்மா இருங்க அண்ணி. உங்க புருஷன் பேருக்குத்தான் அலையறேன். சாட்சியா ஒரு கையெழுத்து போடச் சொன்னா, பெருக்கல் குறி போட்டு வச்சிருக்கீங்க.”

“எனக்கு எழுதத் தெரியாதுன்னு உனக்குத் தெரியாதா?”

பெர்னிஸ் மூன்றாவது சரணத்தை வாய்விட்டுப் படித்தாள்.

‘கையைக் கழுவிவிட்டேன், முகத்தைக் கழுவிவிட்டேன்,
முதுகை மட்டும் விட்டுவைத்தேன் நீ சொன்ன சொல்லுக்காக.
கரியோடு வந்த முதுகைக்
கரியோடே புதைத்தாரே.’

“பொம்பளை பாடற மாதிரி இருக்கே?”

“பொண்டாட்டி பாடறதா நினைச்சு எழுதியிருக்கான். பாட்டுன்னா அப்படித்தானே.”

“முதுகை ஏன் கழுவல?”

வெர்லின் சிரித்தான். “நீங்க டவுன்காரங்க. அந்தக் காலத்துல சுரங்கத்துல சிலபேர் முதுகுல தண்ணியே பட விடமாட்டாங்க. முதுகெலும்பு பலம் போயிடுமாம்.”

“உங்க அண்ணனும் அப்படித்தானா?”

“அவனா? எங்கம்மாகிட்ட நடக்குமா? முதுகைத் தேச்சுக் காட்டினாத்தான் தட்டுல ரொட்டி விழும். எங்க ரெண்டு பேர் முதுகும் உரிச்ச முட்டை மாதிரி...”

சிரிப்பு பாதியில் நின்றது. வாசல்வரை போனான். திரும்பி வந்து நோட்டின் மேலே எழுதியிருந்த தேதியைப் பார்த்தான். 1929 மார்ச்.

“அப்படின்னா கழுவாதவங்க யாரு?” என்றாள் பெர்னிஸ்.

“எஸ்டில்,” என்றாள் டெஸி. கையிலிருந்த பூவிலிருந்து மெழுகு சொட்டிக்கொண்டிருந்தது. “லோவலோட அண்ணன். இங்கேதான் மாடியில குடியிருந்தான். அந்த மார்ச்லதான் சுரங்கத்துல பாறை சரிஞ்சு போயிட்டான்.”

அந்தப் பூவைக் கூடையில் வைத்தாள்.

“நான் கட்டின பாட்டு மறந்துடும்னு பயமா இருந்துது. நான் சொல்லச் சொல்ல உன் அண்ணன்தான் எழுதினார். அவர் ஊருக்கே கடுதாசி எழுதிக் கொடுத்தவர்தானே. எந்தத் தைரியத்துல அவர்கிட்டச் சொன்னேன்னு இன்னிக்கும் தெரியல. மூணாவது வந்ததும் பேனா நின்னுது. அப்புறம், ‘அவ்வளவுதானா, இன்னும் இருக்கா?’ன்னு கேட்டார். வேற ஒண்ணும் கேக்கல.”

“லோவலுக்கு எப்படித் தெரியும்?” வெர்லினின் குரல் இறங்கியிருந்தது.

“நான்தான் சொல்லிக்கொடுத்தேன். ரேடியோவுல பாடக் கூப்பிட்டாங்க, எங்கண்ணனைப் பத்தின பாட்டு, பாடட்டுமான்னு வந்து கேட்டான். யாரு கட்டினதுன்னு கேட்டா நீதான்னு சொல்லிடு, மூணாவதை மட்டும் பாடாதேன்னேன். திருடன்னு பேர் வாங்குவான்னு யார் கண்டா?”

பெர்னிஸ் பேனாவைத் திறந்தாள். “நியாயமா இது உங்க பேர்லதான் பதியணும்மா.”

“அப்ப இந்தச் சரணமும் அச்சாகுமா?”

“ஆகும்.”

டெஸி இன்னொரு பூவை மெழுகில் முக்கினாள்.

“புகார் உங்களோடது,” என்று வெர்லினைப் பார்த்தாள் பெர்னிஸ். “நான் என்ன எழுதட்டும்?”

வெர்லின் ஜன்னலுக்குப் போனான். அடுப்புக்கு வந்தான். தொப்பியை எடுத்தான், வைத்தான்.

“புகாரைத் திரும்ப வாங்கிக்கிட்டான்னு எழுதுங்க. ஊருக்கெல்லாம் எழுதிக் கொடுத்தவன் நோட்டுல எது வேணா இருக்கும். லோவல் பாட்டு லோவலோடவே இருக்கட்டும்.”

நோட்டைக் கோட்டுக்குள் செருகிக்கொண்டான். டெஸியின் பூக்கூடையையும் அவனே தூக்கிக்கொண்டான்.

பதினோரு மணிக்கு மேட்டில் லோவல் பாடினான். இரண்டாவது சரணம் முடிந்ததும் கித்தாரைத் தாழ்த்தினான். தலையைக் குனிந்துகொண்டான்.

வழக்கம்போல் எல்லோரும் வெர்லின் நிற்கிற இடத்தைத் திரும்பிப் பார்த்தார்கள். சிலர் முன்கூட்டியே சிரிக்கத் தொடங்கியிருந்தார்கள்.

அங்கே அவன் இல்லை. கீழ்வரிசையில், எஸ்டிலின் கல்லுக்கு முன்னால் முழங்காலிட்டு, ஒரு காகிதப் பூவின் கம்பியை மண்ணுக்குள் அழுத்திக்கொண்டிருந்தான்.