நேரில் சந்தித்தேன்

பயிர்ச் சேதத்தை மதிப்பிடும் அந்தத் தனியார் அலுவலகம் திருத்தணியில் இருந்தது. பள்ளிப்பட்டிலிருந்து வந்த மணியம்மை, ஆய்வு அறிக்கையை மேசைமேல் அறைந்தாள்.

“எங்க வூட்டுக்காரர் பக்தவச்சலம் செத்து மூணு வருஷம் ஆவுது. அவராண்ட பேசினேன்னு எழுதிக்கிறியே, நீ மனுசனா?”

ஆய்வாளர் குணசேகரன் தலைகுனிந்தான். “நான் அங்க வரலம்மா. ஏஐ கிட்ட பேரும் சர்வே நம்பரும் குடுத்தேன். அதுவே எழுதிச்சு.”

“போகாம, படிச்சுக்கூடப் பார்க்காம கையெழுத்து போட்டியா?” என்று சீறிய மேலாளர் துர்கா, அறிக்கையைப் பிடுங்கி உரக்கப் படித்தாள்.

‘கிருத்திகையன்று காலை பக்தவச்சலத்தை அவர் வீட்டு வாசலில் சந்தித்தேன். முழங்கால் வீங்கியிருந்தும் மனைவி தனியாக மலையேறப் போய்விட்டாள், சொன்னால் கேட்பதில்லை என்று வருத்தப்பட்டார்.’

அன்று மலைக்குப் போனதை மணியம்மை யாரிடமும் சொல்லியிருக்கவில்லை.

“இதெல்லாம் நீ குடுத்தியா?” என்றாள் துர்கா.

“இல்ல மேடம்.”

மணியம்மைக்குக் கோபம் இன்னும் ஏறியது. எட்டி அவன் சட்டையைப் பிடித்தாள்.

“எழுதினபடி அன்னிக்கு வந்திருந்தா, நீயாவது அவர பாத்திருப்பியேடா!”