மோட்டார் பக்கத்தில் நிற்பவள்

பால் குளிரூட்டும் அறையில்தான் எங்கள் எழுத்துப் பட்டறை நடக்கிறது; ஊரில் இத்தனை பேர் உட்கார வேறு இடமில்லை. கேன்களின் வயிற்றில் காலை வெயில் பளபளக்க, பாலைக் குளிர்விக்கும் மோட்டார் ஓயாமல் உறுமுகிறது. டிராக்டர் மெக்கானிக் எழுந்து, தான் எழுதியதைத் தொண்டை கிழியப் படிக்கிறார். தாளின் ஓரமெல்லாம் கிரீஸ் விரல்தடம், பாவம். எழுதியிருப்பது மனைவியைப் பற்றி. அவளோ அறைக் கோடியில், மோட்டாரை ஒட்டி நின்று கேன் கழுவுகிறாள். அங்கே ஒன்றும் கேட்காது என்ற தைரியத்தில்தான் மனிதர் படிக்கவே சம்மதித்தார். முன்வரிசையில் இருக்கும் எனக்கே பாதிதான் காதில் விழுகிறது. "அவ தூங்கின பிறகு, அவ கையப் பிடிச்சுக்கிட்டுத்தான் நான் தூங்குறேன்!" மோட்டார் சட்டென்று நின்றுவிட, அந்த வரி மட்டும் அறை முழுக்கக் கணீரென்று ஒலிக்கிறது. ஒரே சிரிப்பு. "போச்சு அண்ணே, அண்ணிக்குக் கேட்டுருச்சு!" என்கிறாள் அவர் தங்கை. அவர் காது சிவக்கத் தாளை மடிக்கிறார். கரண்ட் போய்விட்டதோ என்று நிமிர்கிறேன். மின்விசிறி சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது. மனைவியின் கை மோட்டார் ஸ்விட்சின் மேல் இருக்கிறது. "பால் கொஞ்ச நேரம் பொறுக்கும்," என்கிறாள், அவர் முகத்தைப் பார்க்காமலே. "கத்தாமப் படிங்க."