புகைகிற மலைக்குப் போனவன்

மலையைப் பற்றிக் கேட்டால் பாஷாவுக்கு வாய் ஓயவில்லை. ஆளைப் பற்றிக் கேட்டால் மட்டும் சொம்பை எடுத்து ஒரு வாய் மோர் குடித்துக்கொண்டான்.

தமயந்திக்கு அதுதான் உறுத்தியது.

அரக்கோணத்துப் பாஷாவும் அவள் புருஷன் தணிகாசலமும் ஒரே பட்டாளம். இவன் லாரி ஓட்டினான், அவன் சோறு ஆக்கினான். யுத்தம் முடிந்தும் ஊருக்கு விடாமல் இரண்டு பேரையும் ஜாவாவுக்கு ஏற்றிக்கொண்டு போனார்கள். பாஷா திரும்பி வந்துவிட்டான். தணிகாசலத்துக்குப் பதிலாக ஒரு காகிதம்தான் வந்தது. ஆளைக் காணவில்லையாம். காணாமல் போக அவன் என்ன கன்றுக்குட்டியா?

மாமியார் அழுது முடித்தாயிற்று. வருஷம் திரும்பியதும் தாலியைக் கழற்றிவிடு என்கிறாள். தமயந்தி பிடி கொடுக்கவில்லை. உண்மை தெரிந்தவன் இவன் ஒருத்தன்தான். இவனோ திருத்தணி வரைக்கும் ரயிலேறி வந்து எரிமலைக் கதை அளக்கிறான்.

"பொகை வந்துகினே இருக்கும் தங்கச்சி. கிட்ட போனா காலு சுடும், மூக்குல கந்தகம் ஏறும்."

அந்தச் சீமையில் ஒரு ராஜாவும் ராணியும் பிள்ளையில்லாமல் மலையிடம் போய் அழுதார்களாம். மலை வாரி வாரிக் கொடுத்ததாம். கடைசிப் பிள்ளையை மட்டும் எனக்குக் கொடு என்று கேட்டு, நெருப்பு நாக்கை நீட்டி இழுத்துக்கொண்டதாம். இன்றைக்கும் ஜனங்கள் ஏறிப்போய் அதன் வாயில் கோழியும் அரிசியும் எறிகிறார்களாம்.

நல்ல மலை, நல்ல சாமி! சூரனைக் கொன்ற முருகனே கோபம் தணிந்து உட்கார்ந்த ஊர் இது. இந்த ஊர்க்காரியிடம் வந்து தணியாத மலையின் பெருமையா?

இவன் எதையோ மூடி மறைக்கிறான்.

"நேரா சொல்லுங்க பாய். அவரு அந்த நெருப்புலதான் விழுந்துட்டாரா?"

பாஷா பதறிப்போனான்.

"அல்லா! வாயக் கழுவு தங்கச்சி. நான் கப்பல் ஏறசொல்லகூட ஆளு நல்லாத்தான் இருந்தான். அந்த மலைக்குத்தான் போய்கினு இருந்தான். எல்லாம் உனுக்காகத்தான், புள்ளை வேணும்னு வேண்டிக்க. நம்ம ஊரு மாதிரியே மொட்ட அடிச்சிகினு, கோழியப் புடிச்சிகினு ஏறனான். என் கண்ணால பார்த்தேன்."

உயிரோடு இருக்கிறான்!

தமயந்தியின் கை தானாகத் தாலியைப் பிடித்துக்கொண்டது. கண்ணில் தண்ணீர் முட்டியது. கல்யாணமாகி ஆறு வருஷம். பட்டாளத்துக்குப் போகும் முன் அவளுக்குப் பிள்ளையில்லை என்று ஒரு வார்த்தை கடிந்து பேசாத மனிதன். கண்காணாத தேசத்தில், யாருடைய மலையிலோ, அவளுக்காக ஏறினானாம். இந்த ஜென்மத்துக்கு அது போதும் என்றுகூடத் தோன்றியது.

பாஷா கண்ணால் பார்த்தது நிஜம்தான். முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

ஆனால் மொட்டை?

சரவணப் பொய்கைக் கரையில், அப்போதுதான் சிரைத்த தலைகளுக்குச் சந்தனம் பூசிப் பிழைக்கிறவள் அவள். ஒவ்வொரு தலையும் தன் கதையைச் சொல்லாமல் போகாது. காய்ச்சல் விட்ட தலை. கேஸ் ஜெயித்த தலை. பிள்ளை பெற்ற தலை. கேட்க வருகிறவன் முடியோடுதான் படியேறுவான். கேட்டது கிடைத்தவன்தான் கத்திக்குக் கீழே குனிவான்.

தணிகாசலமும் இந்த ஊர்ப் பிள்ளைதான். எங்கே போனாலும் அந்த வரிசை அவனுக்குத் தப்பாது.

பாஷாவுக்கு அது எங்கே தெரியும்? பாவம், அரக்கோணம் ஸ்டேஷனில் மொட்டைகள் ரயிலேறுவதைப் பார்த்திருப்பான். அவ்வளவுதான்.

அவள் தாலியிலிருந்து கையை எடுத்தாள்.

"பாய், ஆம்பளப் புள்ளையா, பொம்பளப் புள்ளையா?"

பாஷா சொம்பை எடுத்தான். மோர் தீர்ந்திருந்தது.