கடைசியில் போன வீடு

வெள்ளம் வடிந்துவிட்டது, தெருவெல்லாம் சேறு. சேவைச் சங்கத்துத் தொண்டர்கள் மண்வெட்டியும் வாளியுமாக வீடு வீடாகச் சுத்தம் செய்துகொண்டிருந்தார்கள்.

"மேடம், அந்த நீலக் கேட்டு வீட்டுக்காரர் திரும்பவும் போன் பண்ணிட்டார்" என்றார், புதிதாகச் சங்கத்தில் சேர்ந்திருந்த பல் டாக்டர்.

"காத்திருக்கச் சொல்லுங்க. முதல்ல கைக்குழந்தை இருக்கிற வீடு" என்றார் சங்கத் தலைவி.

அது முடிந்ததும் டாக்டர் மறுபடி நினைவூட்டினார். தலைவி அடுத்துத் தையல்காரர் வீட்டைக் காட்டினார். "மிஷின் சேத்துல கிடக்கு. அவருக்குப் பொழைப்பே அதுதான்."

டாக்டருக்குப் பொறுக்கவில்லை. "நீலக் கேட்டுக்காரரும் மனுஷன்தானே? காலையிலேர்ந்து ஒண்டியா சேறு அள்ளுறாராம். உங்க ரெண்டு பேருக்கும் என்ன, வாய்க்கா வரப்புத் தகராறா? சொந்தப் பகையைச் சங்கத்துக்குள்ள கொண்டு வராதீங்க."

மற்றவர்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டார்கள்.

"அவருக்கு மாடி இருக்கு. உடம்பும் கல்லு மாதிரி இருக்கு. கடைசியாப் போவோம்" என்றார் தலைவி, குரலை உயர்த்தாமல்.

சாயங்காலம்தான் அந்த வீட்டுக்கு வந்தார்கள். முழங்கால்வரை சேறு அப்பிய ஒருவர் கதவைத் திறந்தார். டாக்டர் முந்திக்கொண்டு, "மன்னிச்சுடுங்க சார், இவ்வளவு லேட் ஆனது எங்க தப்பு" என்றார்.

"உங்க தப்பு இல்ல டாக்டர். பிரசிடெண்டைக் கட்டிக்கிட்டது என் தப்பு."

சொல்லிக்கொண்டே மனைவியின் கையிலிருந்த மண்வெட்டியை வாங்கிக்கொண்டார்.

"நீ மாடிக்குப் போய் உக்காரு. இந்த ஒரு வீட்டுக்கு நான்தான் பிரசிடெண்ட்."