மூடுபனியில் ஒரு படகு

"படகு ஏதாவது தெரியுதான்னு பாத்துட்டு வா, ஷாப்லா அம்மா."

காலையிலிருந்து தொராப் அலி இதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தான். மொஸ்லேமா புருஷனைத் திரும்பிப் பார்க்காமல் அடுப்பை ஊதினாள். முற்றத்தில் கல்யாணக் கூட்டம் உட்கார்ந்திருந்தது. உள்ளே, பதினாலு வயது ஷாப்லா சிவப்புப் புடவைக்குள் சுருண்டு கிடந்தாள்.

மாப்பிள்ளை, திட்டின் தலைவன் மோஃபிஸ் மாத்பரின் தம்பி. முப்பத்தைந்து வயதிருக்கும். அவனுடைய முதல் மனைவி எப்படிச் செத்தாள் என்று காஷியாபாரி மணல்திட்டில் யாரும் கேட்டதில்லை. வங்கதேசத்தில் ஜமுனா ஆற்றின் நடுவில் முளைத்த அந்தத் திட்டில் யார் எங்கே குடிசை போடலாம், யார் எந்த மண்ணை உழலாம் என்பதையெல்லாம் மாத்பரின் தடிக்காரர்கள்தான் முடிவு செய்தார்கள். தாலுகா மாதிரியான உபஜிலாவின் அலுவலகம் அக்கரையில் இருந்தது. படகில் போனால் அரை நாள். அரசாங்கம் என்று ஒன்று இருப்பதே தேர்தலுக்குத்தான் ஞாபகம் வரும்.

நேற்று மொஸ்லேமா புருஷனின் காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். எப்படியாவது வேண்டாமென்று சொல்லிவிடச் சொன்னாள். அவன் அவள் முகத்தைப் பார்க்காமலே கேட்டான்.

"மாத்பர்கிட்ட வேணாம்னு சொல்லிட்டு எந்தத் திட்டுல போய்ப் படுக்கிறது?"

ஆறு அவர்கள் வீட்டை மூன்று முறை விழுங்கியிருந்தது. ஒவ்வொரு முறையும் தகரத்தைக் கழற்றித் தலையில் சுமந்துகொண்டு வேறு திட்டுக்கு ஓடியவர்கள் அவர்கள். அவளுக்கு அது புரியாமலில்லை. ஆனாலும் பெற்ற மகளைக் கொடுத்தா மண்ணைக் காப்பாற்ற வேண்டும்? அந்த நிமிடத்திலிருந்து அவனோடு பேசப் பிடிக்கவில்லை.

இந்த மாதிரிக் கல்யாணங்களை உபஜிலாவுக்குப் புதிதாக வந்திருக்கும் அதிகாரியம்மா போலீசோடு வந்து நிறுத்திவிடுகிறார் என்று சந்தையில் பேசிக்கொண்டார்கள். மாத்பர் அதனால்தான் படகுத்துறையில் ஆட்களை நிறுத்தியிருந்தான். அவள் புருஷனுக்கும் அதே பயம்தான் போலிருக்கிறது. நொடிக்கொரு தரம் கரைக்குப் போய் வெள்ளையாய்க் கிடந்த மூடுபனியை வெறித்துவிட்டு, வியர்த்து வழியத் திரும்பி வந்தான். மாசிக் குளிரில் வியர்வை.

அவளோ, அந்தப் படகு வந்துவிட வேண்டுமென்று அல்லாவிடம் மன்றாடிக்கொண்டிருந்தாள்.

நிக்காஹை முடித்துவிடலாம் என்று காஜியார் அவசரப்படுத்தினார். தொராப் கையைப் பிசைந்துகொண்டு, சம்பந்திகள் முதலில் சாப்பிட வேண்டும் என்றான். சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது, கறி இன்னும் வேகவில்லை என்றான். கறியும் வெந்து, எல்லோரும் கை கழுவிய பிறகு, அக்கரையிலிருந்து பெண்ணின் தாய்மாமன் வராமல் எப்படி என்றான். மகளை ஆற்றில் தள்ளுகிறவனுக்கு உபசாரம் ஒரு கேடா என்று மொஸ்லேமாவுக்கு வயிறு எரிந்தது.

மாத்பர் எழுந்தான். "போதும் தொராப். மாமனும் வேணாம், மச்சானும் வேணாம். பொண்ணைக் கேட்டுட்டு வாங்க, காஜியார்."

காஜியார் குடிசை வாசலுக்கு வந்து சம்மதம் கேட்டார். ஷாப்லா முழங்காலுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். "சொல்லுடி" என்று யாரோ ஒரு கிழவி அவள் முதுகில் குத்தினாள். தொராப் வாசல் மூங்கிலைப் பிடித்தபடி நின்றான்.

அப்போதுதான் துறையில் சத்தம் கேட்டது.

புடவையை முழங்கால் வரை தூக்கிச் செருகி, சேற்றில் நடந்து வந்தார் உபஜிலா அதிகாரி. பின்னால் ஆறேழு போலீஸ்காரர்கள். மாத்பரின் தடிக்காரர்கள் எங்கே போனார்கள் என்றே தெரியவில்லை.

மாத்பரின் குரல் உடனே குழைந்துவிட்டது. பெண்ணுக்குப் பதினெட்டு முடிந்ததென்று அவள் அப்பன்தான் சொன்னான், தனக்கொன்றும் தெரியாது என்றான். அதிகாரி தொராப் பக்கம் திரும்பினார். நீயெல்லாம் ஒரு தகப்பனா என்று ஊர் முன்னால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளும்படி கேட்டார், ஜெயிலில் போடுவேன் என்றார். தொராப் மண்ணில் விழுந்து அவர் காலைக் கட்டிக்கொண்டு கதறினான். மொஸ்லேமாவுக்கு அவன் மேல் துளி இரக்கம் வரவில்லை.

இனி மாதாமாதம் போலீஸ் வந்து பெண்ணைப் பார்த்துவிட்டுப் போகும், அவளுக்கோ இந்தக் குடிசைக்கோ ஏதாவது ஆனால் மாத்பர்தான் பதில் சொல்ல வேண்டும் என்று அதிகாரி எல்லோருக்கும் கேட்கச் சொன்னார். மாத்பர் தலையாட்டினான். அவர் நகர்ந்ததும் கூட்டத்தை ஒவ்வொரு முகமாகப் பார்த்தான்.

"உன்மேல எனக்குச் சந்தேகமில்ல தொராப், நீ அழுததைத்தான் பாத்தேனே. ஆனா தகவல் குடுத்தவன் யாருன்னு தெரியட்டும். அவன் பொணம் கூடக் கரை ஒதுங்காது."

தொராப் குனிந்த தலை நிமிரவில்லை.

குடிசைக்குள் அதிகாரி ஷாப்லாவின் தலையைத் தடவிக்கொண்டிருந்தார். மொஸ்லேமா அவர் கைகளைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"உங்ககிட்ட சொன்ன புண்ணியவான் யாரு மேடம்? பெத்த அப்பனே இவளைக் குழியில தள்ளப் பாத்தான். எவரோ ஒருத்தர் உசிரைப் பணயம் வச்சுக் காப்பாத்தியிருக்காரு. என் ஆயுசுக்கும் அவருக்காக துவா கேப்பேன்."

அதிகாரி வாசலை ஒருமுறை பார்த்துவிட்டு, அவள் காதருகே குனிந்தார்.

"வெளியில மூச்சு விட்டுடாதீங்க. எங்க படகு மணல்ல மாட்டிக்கிச்சு. 'நிக்காஹை எப்படியாவது இழுத்தடிக்கிறேன், சீக்கிரம் வாங்க, வந்ததும் எல்லார் முன்னாடியும் என்னையே திட்டுங்க'ன்னு காலையிலேருந்து போன்ல அழுதுகிட்டே இருந்தது உங்க வீட்டுக்காரர்தான்."