வாசல் கொள்ளாத ஆர்கன்

எட்டுப் பேர் சேர்ந்து பல் டாக்டர் வீட்டு வாசலை உடைத்துக்கொண்டிருந்தார்கள். கடப்பாரை விழுந்த வேகத்தில் சுவர்க் கடிகாரம் ஆணியோடு கழன்று சோபாவில் வந்து உட்கார்ந்தது.

உள்ளே நின்றிருந்த டாக்டர், "இன்னும் ஓங்கி அடிங்க. நிலை அசையவே இல்ல," என்றார்.

வெளியே சின்ன லாரியில், போர்வை போர்த்தியபடி நின்றது சர்ச் ஆர்கன். ஆளுயரம், மூன்று அலமாரி அகலம். வானம் இருண்டு வந்தது. நனைந்தால் உள்ளே இருக்கிற தோல் துருத்தி அவ்வளவுதான்.

"ஏங்க, இந்தக் கட்டிலை எங்க போடறது?" என்றாள் மனைவி.

"மாடிப்படிக்குக் கீழ."

"அங்க வாஷிங் மிஷின் இருக்கே."

"அதை அப்பவே பாத்ரூம்ல வச்சாச்சு."

"அப்ப குளிக்கிறது?"

"உங்க அண்ணன் வீடு ரெண்டு தெரு தள்ளித்தானே இருக்கு."

மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். "ஆசைக்கும் ஒரு அளவு வேணாமா? ஊர்ல ஆம்பளைங்க புல்லாங்குழல் கத்துக்கறாங்க. சட்டைப் பையில போட்டுக்கிட்டுப் போயிடறாங்க."

டாக்டர் காதில் வாங்கவில்லை. எட்டு மாதமாக அவருக்கு ஆர்கன்தான் சோறு, தண்ணீர். ஞாயிறு ஆராதனையில் அவர் வாசிக்கத் தொடங்கியதும் சபையார் கண்ணை இறுக மூடி, பல்லைக் கடித்து, பெஞ்சின் விளிம்பைப் பற்றிக்கொள்வார்கள். கிளினிக் நாற்காலியில் இருபது வருடமாகப் பார்த்துப் பழகிய முகம்தான் அது. சர்ச்சில் அதற்குப் பெயர் பக்தி என்று டாக்டர் எடுத்துக்கொண்டார்.

அடுத்த மாதம் பேராயர் வருகிறார். அன்றைக்கு வாசித்துவிட வேண்டும், அது ஒன்றுதான் அவர் கனவு. போதகரிடம் கேட்டார். போதகர் ஒரு வாரம் ஜெபித்தார். பிறகு, "ஆர்கனையே உங்க வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிடுங்க டாக்டர். ஆசை தீரப் பழகுங்க," என்றார். டாக்டருக்குக் கண் கலங்கிவிட்டது.

லாரி அருகே நின்றிருந்த போதகரை மனைவி ஓரமாக அழைத்தாள். ஞாயிறுதோறும் சர்ச்சின் பின்கட்டில் சின்னப் பிள்ளைகளுக்கு வகுப்பு எடுப்பவள் அவள். நாற்பது பிள்ளைகளின் கூச்சலில் புருஷனின் வாசிப்பு அவள் காதில் விழுந்ததே இல்லை.

"ஐயா, நீங்க பொய் சொல்ல மாட்டீங்க. உள்ளதைச் சொல்லுங்க. இவர் வாசிப்பு எப்படி?"

போதகர் வானத்தைப் பார்த்தார். "எழுபது வருஷத்துச் சபைம்மா இது. இவரை மாதிரி ஒருத்தர் வாசிச்சு நாங்க கேட்டதே இல்ல."

மனைவியின் முகம் மலர்ந்துவிட்டது. "இதை முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதா?" என்றவள், ஓடிப்போய்த் தன் தையல் மெஷினைத் தானே மொட்டை மாடிக்கு ஏற்றினாள்.

நிலை பெயர்ந்தது. இரண்டு பக்கமும் சுவர் இடிந்தது. பாடகர் குழுவினர் தோள் கொடுத்தார்கள். பாட்டுப் புத்தகத்தை எடுத்துவரச் சொன்னாலே முதுகுவலி என்று முனகுகிறவர்கள், இன்று ஆர்கனைப் பஞ்சு மூட்டைபோலத் தூக்கி, பாடிக்கொண்டே உள்ளே இறக்கினார்கள்.

கூடத்தில் ஆர்கன் போக, நெல்லிக்காய் உருட்ட இடமில்லை. டாக்டர் சுவரோடு சுவராக ஒட்டி, பக்கவாட்டில் நடந்துபோய் அதைத் தொட்டுப் பார்த்தார்.

பாடகர் குழுவில் தடித்த குரல்காரர் கொத்தனார். சிமெண்டைக் குழைத்துத் தயாராக வைத்திருந்தவர், மறு நிமிடமே நிலையைப் பழைய இடத்தில் நிறுத்திப் பூசத் தொடங்கினார். டாக்டர் எட்டிப் பார்த்தார்.

"ஒரு வாசலுக்கு இவ்வளவு கம்பியா கொத்தனாரே?"

"மத்தவங்க வீடுன்னா வெறும் செங்கல்லோட விட்டிருவேன் டாக்டர். உங்களுக்கு அப்படிச் செய்ய மனசு வரல."

டாக்டர் நெகிழ்ந்துபோனார். இந்த அன்புக்கு ஒரு பாட்டாவது வாசிக்காவிட்டால் எப்படி? முக்காலியில் அமர்ந்து, மிதிகளை அழுத்தி, பத்து விரலையும் ஒன்றாக இறக்கினார். வீடு அதிர்ந்தது. மாடிப்படியில் இறங்கிக்கொண்டிருந்த மனைவி, பாதிப் படியில் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு கண்ணை இறுக மூடினாள்.

இவளுக்கும் பக்தி வந்துவிட்டது என்று டாக்டர் பூரித்தார்.

திரும்பிப் பார்த்தபோது பாடகர் குழு லாரியில் ஏறி, தெருமுனை திரும்பிக்கொண்டிருந்தது. பூசி முடித்த கொத்தனார் கரண்டியைக்கூடக் கழுவாமல் ஓடினார். போதகர் மட்டும் ஜன்னலுக்கு வெளியே குடையோடு நின்றார்.

டாக்டருக்கு அப்போதுதான் பொறி தட்டியது. ஆர்கனைப் பார்த்தார். வாசலைப் பார்த்தார். மறுபடியும் ஆர்கனைப் பார்த்தார்.

"ஐயா, பேராயர் வர்ற அன்னிக்கு இதை சர்ச்சுக்குக் கொண்டு வரணுமே. எப்படி வெளிய எடுக்கறது?"

போதகர் பொய் சொல்லாதவர். குடையைச் சற்றுத் தாழ்த்திக்கொண்டார்.

"வெளிய வராதுன்னு அளந்து பாத்துட்டுத்தான் குடுத்தோம், டாக்டர்."