ஆயிரத்தெட்டுத் தடவை

"இது நாகமணி பண்ணின வேலைதான், தலைவரே. சந்தேகமே வேண்டாம்."

சொல்லிவிட்டு மேனேஜர் பஞ்சாபகேசன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தீர்ப்பு சொல்லும்போதெல்லாம் அவர் கண்ணாடி அழுக்காகிவிடும்.

நெசவாளர் சங்கத் தலைவர் துளசிராம் கடிகாரத்தைப் பார்த்தார். மணி பத்தரை. சங்கத் தேர்தலுக்கான உறுப்பினர் பட்டியலைப் பன்னிரண்டுக்குள் வாசலில் ஒட்டியாக வேண்டும். பட்டியல் கம்ப்யூட்டருக்குள் இருந்தது. கம்ப்யூட்டரோ யாரையும் உள்ளே விடுவதாக இல்லை.

ஆபீஸின் ஆறு டெர்மினலிலும் ஒரே கதை. பேரும் பாஸ்வேர்டும் தட்டினால் வழக்கமான மெனு வரவில்லை. 'சின்டாக்ஸ் எரர்', அதாவது கட்டளையில் பிழை, என்று ஒரு வரி, அதற்குக் கீழே தனியாக ஒரு டாலர் குறி.

"கம்ப்யூட்டரும் லஞ்சம் கேக்குது அண்ணே, அதுவும் டாலர்ல," என்றார் கிளார்க் கருத்தக்கண்ணன். யாரும் சிரிக்கவில்லை.

நாகமணி அங்கே நாலு வருஷமாகத் தற்காலிக ஆப்பரேட்டர். அந்த ஆபீஸில் இருப்பதே ஒரே ஒரு ஆப்பரேட்டர் வேலை. அதை நிரந்தரமாக்க அடுத்த வாரம் கமிட்டி கூடுகிறது. இந்த நேரம் பார்த்தா இப்படி ஆக வேண்டும்?

"நேத்து நான் பேக்கப் மட்டும்தான் எடுத்தேன் சார். வேற எதையும் தொடலை."

"மெயின் பாஸ்வேர்டு உனக்கும் எனக்கும்தான் தெரியும். அப்ப நானா கெடுத்தேன்?"

இந்தக் கேள்விக்கு 'ஆமாம்' என்று பதில் சொல்லக்கூடிய தற்காலிகப் பணியாளர் மதுரை ஜில்லாவில் இன்னும் பிறக்கவில்லை. நாகமணி தலையைக் குனிந்துகொண்டாள்.

"வேலையில கவனம் கிடையாது, தலைவரே. மானிட்டர்ல பிள்ளையார் படம் ஒட்டி வச்சிருந்தா. நான்தான் உரிச்சுப் போட்டேன். ஆபீஸ் மிஷின்ல சொந்தச் சாமி காரியம் எதுக்கு? மெட்ராஸ்ல பதினஞ்சு நாள் யூனிக்ஸ் கம்ப்யூட்டர் கோர்ஸ் படிச்சுட்டு வந்தவன் நான். இதையெல்லாம் பார்த்துக்கிட்டு இருக்க முடியுமா?"

பேச்சோடு பேச்சாக, டைப் அடித்த ஒரு தாளை நீட்டினார். நாகமணியை வேலையிலிருந்து நிறுத்தும் உத்தரவு. கம்ப்யூட்டர் படுத்து அரை மணி நேரத்தில் அம்புட்டு வேகம்.

"ஒரு கையெழுத்துப் போடுங்க. நாளைக்கே வேற நல்ல ஆளாப் போட்டுக்கலாம்."

துளசிராம் பேனாவைத் திறந்தார். பிறகு, "முதல்ல லிஸ்ட் வரட்டும். கம்ப்யூட்டர் போட்டுக் கொடுத்த பையன் கிருஷ்ணபிரசாத்தைக் கூப்பிடுங்க," என்றார்.

"அவன் எதுக்குங்க? ஆஃப் பண்ணி ஆன் பண்ணினா..."

"கூப்பிடுங்கய்யா!"

போனில் கிடைத்த கிருஷ்ணபிரசாத் ஊருக்கு வெளியே பரவையில் ஒரு கடையில் இருந்தான். "நான் வர மத்தியானம் ஒரு மணி ஆயிரும். நாகமணிக்கா கிட்ட போனைக் குடுங்க," என்றான்.

"அக்கா, உள்ள நுழைஞ்சதும் கம்ப்யூட்டர் முதல்ல படிக்கிற பொது ஃபைல் ஒண்ணு இருக்கு. அதோட கடைசி வரிதான் மெனுவைக் கொண்டுவரும். நடுவுல ஏதோ கோணலா இருக்கு. அந்த டாலர் குறிகிட்டயே மெயின் பாஸ்வேர்டு போட்டு அதைத் திறந்து ஒவ்வொரு வரியாப் படிங்க."

நாகமணி படித்தாள். ஏழெட்டு வரி ஒழுங்காகப் போயிற்று.

"இங்க ஒரு குறிப்பு இருக்கு. 'ஆடி வெள்ளி முதல் நூற்றெட்டு. இன்று முதல் ஆயிரத்தெட்டு.'"

பஞ்சாபகேசன் திடுக்கிட்டார். "அது ஒண்ணுமில்லம்மா. அதை விடு. கீழ போ."

"ஒரு வரியும் விடாதீங்கக்கா," என்றது போன்.

"அடுத்து 'வைல்'னு ஆரம்பிக்குது. ஆயிரத்தெட்டு தடவை செய்யச் சொல்லுது."

"முடிவுல 'டன்'னு இருக்கா?"

"இல்லையே."

"அதான் கோளாறு. முடிக்கிற வார்த்தை இல்லாட்டி, கம்ப்யூட்டர் அதைத் தேடிக்கிட்டே ஃபைல் கடைசி வரைக்கும் போயிரும். மெனு எங்கருந்து வரும்? சரி, எதை ஆயிரத்தெட்டு தடவை செய்யச் சொல்லுது?"

நாகமணி அந்த வரியைப் பார்த்தாள். தமிழை இங்கிலீஷ் எழுத்தில் அடித்திருந்தது. திரும்பி மேனேஜரைப் பார்த்தாள்.

"படிம்மா," என்றார் துளசிராம்.

"போதும் தலைவரே, அதான் கண்டுபிடிச்சாச்சே!" பஞ்சாபகேசன் பாதி எழுந்துவிட்டார்.

நாகமணி படித்தாள். "'ஸ்ரீராமஜெயம். என் மகள் ராஜஸ்ரீக்கு இந்த ஆபீஸ் ஆப்பரேட்டர் வேலை கிடைக்கவேண்டும்.'"

கருத்தக்கண்ணன் எட்டி ஸ்கிரீனைப் பார்த்தார்.

போனில் கிருஷ்ணபிரசாத் சிரித்தான். "இது ஸ்கிரீன்ல வராதுக்கா, சத்தமில்லாம ஒரு ஃபைல்ல போய் எழுதிக்கிட்டே இருக்கும். ஒருத்தர் பேர்ல போட்டா ஒரு பங்கு. பொது ஃபைல்ல போட்டதால நீங்க ஆறு பேர்ல யாரு உள்ள வந்தாலும் அவங்க பேர்ல எழுதும். விவரமான பக்தர்தான். எல்லாத்தையும் அழிச்சிருங்க."

அழித்தாள். மறுபடி பேரைத் தட்டினாள். மெனு வந்தது. ஐந்து நிமிஷத்தில் பிரிண்டர் கடகடவென்று பட்டியலைத் தள்ள ஆரம்பித்தது.

துளசிராம் கையிலிருந்த உத்தரவை நாலாகக் கிழித்தார். "என்ன மேனேஜர்? ஆபீஸ் மிஷின்ல வேண்டுதலா?"

பஞ்சாபகேசன் கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கக் கை வரவில்லை.

"அவரு எங்க தலைவரே வேண்டினாரு?" என்றாள் நாகமணி. "ஆடி மாசத்துலருந்து தினமும் காலையில, என் வேலை அவர் மகளுக்குப் போகணும்னு நூத்தியெட்டு தடவை வேண்டிக்கிட்டது நானுல்ல!"